பத்தாங்கிளாஸ் பரீட்சைதானே?

“டிகிரி முடிச்ச பிள்ளைக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை என்னண்ணே பெரிய விஷயம்?” என்று எதிர் வீட்டம்மா கேட்டார். கையில் டீ டம்ளர். பக்கத்தில் அவர் மகள், பி.எஸ்சி. கணிதம் முடித்தவள், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். குரூப் 4 எழுதி, கிடைக்காமல், அடுத்த தேர்வுக்கு மறுபடி புத்தகத்தை எடுத்திருக்கிறாள். நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அதனால் எங்கள் தெருவில் இந்தப் பரீட்சை சம்பந்தமான பஞ்சாயத்தெல்லாம் என் திண்ணைக்குத்தான் வரும். அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எனப் பல பதவிகளுக்கு இந்த ஒரே தேர்வுதான். வி.ஏ.ஓ. பதவிக்கு முன்பெல்லாம் தனித் தேர்வு இருந்தது. 2018-இல் அதையும் இதோடு சேர்த்துவிட்டார்கள். முதல்நிலை, முதன்மை என்ற அடுக்குகள் கிடையாது, நேர்முகத் தேர்வும் கிடையாது. ஒரு காலைப் பொழுதில் மூன்று மணி நேரம் எழுதினால் முடிந்தது. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல்.

இவ்வளவு குறைந்த தகுதியும் இவ்வளவு நேரான வழியும் இருந்தால் யார்தான் எழுத மாட்டார்கள்? பி.இ. முடித்தவர் எழுதுகிறார், எம்.ஏ., பி.எட். முடித்தவர் எழுதுகிறார், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வுக்கு அறிவிக்கையில் சொன்ன இடங்கள் 7,301. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். 2024 ஜூன் 9 தேர்வில் 6,244 இடங்களுக்கு 15 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலை 12 தேர்வில் 3,935 இடங்களுக்கு 11 லட்சத்துக்கும் மேல். அறிவிக்கைக்குப் பிறகு இடங்களைக் கூட்டுவது உண்டு. 2022-க்கான இடங்கள் அப்படிக் கூடி 10 ஆயிரத்தைத் தாண்டின. ஆனால் படிக்க உட்காரும்போது கூடப்போகும் இடத்தை நம்பி உட்காரக் கூடாது.

“அப்ப ஒரு வேலைக்கு இருநூத்தம்பது பேரா?” என்றார் அம்மா. டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் கணக்கு சரிதான், ஆனால் அதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அந்த இருநூற்றைம்பது பேரில் ஹால் டிக்கெட் எடுத்த அன்றைக்குத்தான் பாடத்திட்டத்தையே பார்த்தவர்கள் ஏராளம். வீட்டார் வற்புறுத்தலுக்கு வந்தவர், நண்பனுக்குத் துணையாக வந்தவர், கல்லூரியில் படித்துக்கொண்டே ‘சும்மா எழுதிப் பார்ப்போம்’ என்று வந்தவர் எல்லோரும் அதில் அடக்கம். நிஜமான போட்டி கட் ஆஃப் எல்லையைச் சுற்றித்தான். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸின் படிக்கட்டு மாதிரி அந்த இடம்: உள்ளே நிற்பவருக்குத் தொல்லையில்லை, நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவருக்கும் தொல்லையில்லை, படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்ததா இல்லையா என்பதில்தான் அத்தனை பேரின் கதையும் இருக்கிறது. அந்த எல்லையில் ஒரு கேள்வி கூடினாலோ குறைந்தாலோ ரேங்க் ஆயிரக்கணக்கில் மாறும். அங்கே நிற்கிற எல்லோருமே நன்றாகப் படித்தவர்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. தெரிந்ததை யார் தவறவிட்டார் என்பதே வித்தியாசம். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் தாளைப் பார்ப்போம். மொத்தம் 200 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 300. இதில் பகுதி அ முழுக்கத் தமிழ்: 100 கேள்விகள், 150 மதிப்பெண். பகுதி ஆ-வில் பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் பகுதி ஆ-வைத் திருத்தவே மாட்டார்கள். முன்பு குரூப் 4-இல் பொதுத் தமிழுக்குப் பதிலாகப் பொது ஆங்கிலம் எடுக்கலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தாள் கட்டாயமாகிவிட்டது.

இந்த 60-ஐப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தமிழ் வெறும் ‘பாஸ் ஆனால் போதும்’ தாள் என்று நினைத்து, பொது அறிவிலேயே மாதக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். ஆனால் தமிழ் மதிப்பெண் முழுவதும் ரேங்குக்குச் சேர்கிறது. மொத்தத் தாளில் அது சரிபாதி. அதேபோல மொத்தத்தில் 90 மதிப்பெண் என்பதும் ரேங்க் பட்டியலுக்குள் வர வேண்டிய குறைந்தபட்சம்தானே ஒழிய, வேலை கிடைக்கும் மதிப்பெண் இல்லை. 90 எடுத்துவிட்டு ‘பாஸ்’ என்று இனிப்பு வாங்கிக் கொடுத்த குடும்பங்களும் எங்கள் தெருவில் உண்டு.

“மேட்ஸ்ல இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு மாமா. தமிழ்லதான் போயிடுச்சு” என்றாள் மகள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

எனக்கு ஆச்சரியம் இல்லை. நாம் பேசுகிற மொழிதானே என்ற தைரியத்தில் தமிழைக் கடைசிக்குத் தள்ளுவது பழைய வியாதி. தேர்வில் கேட்கும் தமிழ் வேறு. ‘கேட்டான்’ என்பதன் வேர்ச்சொல் என்ன? அவசரத்தில் ‘கேட்டு’ என்றோ ‘கேட்ட’ என்றோ வட்டத்தை நிரப்பிவிடுவோம், விடை ‘கேள்’. ‘நின்றான்’ என்றால் ‘நில்’, ‘கண்டான்’ என்றால் ‘காண்’. ‘பைந்தளிர்’ என்பதைப் பிரித்தெழுதச் சொன்னால் ‘பை + தளிர்’ என்ற விடையும் நல்ல பிள்ளையாகப் பக்கத்திலேயே இருக்கும். சரியானது ‘பசுமை + தளிர்’. ஓர் ஊர், ஒரு நகரம் என்ற வேறுபாட்டை எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்போம். பிறகு அதை நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டோம். வினையெச்சமா பெயரெச்சமா, தன்வினையா பிறவினையா, மயில் அகவுமா கூவுமா, கோயம்புத்தூருக்கு மரூஉ என்ன என்று போகும் கேள்விகள். ஒவ்வொன்றும் எளிது. நூறையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது கண்ணைக் கட்டிவிடும்.

தமிழ்ப் பாடத்திட்டத்தையும் அண்மையில் மாற்றியிருக்கிறார்கள். முன்பு இலக்கியம், ஆசிரியர்கள், நூல்கள் என்று மனப்பாடத்துக்கு நிறைய இடம் இருந்தது. இப்போது இலக்கணத்துக்கு மட்டும் கால்வாசிக் கேள்விகள். சொல்வளம், எழுதும் திறன், கலைச்சொற்கள், பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளல், எளிய மொழிபெயர்ப்பு என்று மற்றவை. புலவர் வரிசையையும் அடைமொழிப் பட்டியலையும் மட்டும் நம்பியிருந்தவர்கள் 2025-இல் தமிழ்த் தாளைப் பார்த்துத் திகைத்தார்கள். மாற்றம் நல்லது என்பது என் கட்சி. ஆபீசில் உட்கார்ந்து நான்கு வரி கடிதம் பிழையில்லாமல் எழுத வேண்டியவருக்கு ஒருமை பன்மை தெரிகிறதா என்று பார்ப்பதுதானே நியாயம்? நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்த வரைவுகளில் ‘கோப்புகள் அனுப்பப்பட்டது’ என்பதைத் திருத்தித் திருத்தியே சிவப்பு மை தீர்ந்திருக்கிறது.

அதனால் அவளுக்குச் சொன்னேன்: “கணக்கு உனக்குக் கை வந்த கலை, கண்ணு. அதுக்கு தினம் அரை மணி போதும். காலையில மூளை தெளிவா இருக்கிற நேரத்தைத் தமிழ் இலக்கணத்துக்குக் கொடு.”

கணக்கு வராதவர்களுக்கு இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த 25 கேள்விகளுக்கு வேண்டியது பள்ளிக் கணக்குதான்: சதவீதம், மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, வேலையும் நேரமும், எண் தொடர், பகடை. பலர் இங்கே பயந்து ஒதுங்குவதால் ஒதுங்காதவருக்கு இது லாபம். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வேலையை ஒருவர் 12 நாளில், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால்? பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 12-க்கும் 15-க்கும் மீ.சி.ம. 60. வேலையை 60 பங்கு என்று வைத்துக்கொண்டால் முதலாமவர் நாளுக்கு 5 பங்கு, இரண்டாமவர் 4 பங்கு, சேர்ந்து 9. 60-ஐ 9-ஆல் வகுத்தால் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, சரியாக ஆறும் மூன்றில் இரண்டும். இன்னொன்று: 8,000 ரூபாய்க்கு 5 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? இரண்டு வட்டியையும் தனித்தனியாகப் போட வேண்டியதே இல்லை. முதல் ஆண்டு வட்டி 400. அந்த 400-க்கு ஓர் ஆண்டு வட்டி 20. அதுதான் வித்தியாசம். ஏன் என்று யோசித்துப் புரிந்துகொண்டால் சூத்திரம் மறந்தாலும் விடை வரும்.

பொது அறிவில் அறிவியலும் புவியியலும் இப்போது சிறு பங்குதான். பெரும்பங்கு தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்களுக்கும், பொருளாதாரம், தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகத்துக்கும், அரசியலமைப்புக்கும் போகிறது. அரசியலமைப்பில் 315 முதல் 323 வரையான உறுப்புகள் பணியாளர் தேர்வாணையங்களைப் பற்றியவை. தன்னைப் பற்றித் தானே கேள்வி கேட்கும் உரிமை தேர்வாணையத்துக்கு உண்டு, அதைப் பயன்படுத்தவும் செய்யும். மாகாணங்களில் முதலாவதாக 1929-இல் சென்னையில் ஏற்பட்ட பணியாளர் ஆணையம்தான் இதன் முன்னோடி என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு நாளிதழும் ஒரு மாதத் தொகுப்பும் போதும். அதற்கு மேல் அலைவது வீண்.

இத்தனைக்கும் ஆதாரம் என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான தமிழ்நாட்டுப் பாடநூல்கள். அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேள்வி எடுப்பவர்கள் அங்கேதான் போகிறார்கள். பாடத்தின் நடுவில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று போட்டிருக்கும் பெட்டிச் செய்தியைக்கூட விடுவதில்லை. ஆனால் கடைக்குப் போனால் கைடு, கோச்சிங் சென்டருக்குப் போனால் மெட்டீரியல், செல்போனைத் திறந்தால் பி.டி.எஃப். ‘இதை மட்டும் படித்தால் போதும்’ என்று ஒவ்வொன்றும் சொல்லும். ஒரே பாடத்தை ஐந்து விதமான சுருக்கங்களில் படித்தவருக்கு ஐந்தும் கலங்கிப் போயிருக்கும். மூலப் புத்தகத்தை ஐந்து முறை படித்தவருக்குத் தேர்வறையில் பக்கமே கண் முன்னால் வரும், இடது பக்கத்தில் மேலே, படத்துக்குக் கீழே என்று.

கோச்சிங் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறவர்களுக்கு அது ஒரு கட்டுப்பாடு. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் இலவச வகுப்பைப் போய்ப் பாருங்கள். சென்னையிலிருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையிலிருந்தால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோடு ஒரு வாரம் உட்கார்ந்தாலே எந்தப் புத்தகம், எந்தத் தேர்வுத் தொடர் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

டெஸ்ட் பேட்ச் விஷயத்தில் ஒன்று. எல்லோரும் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள், மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், கீழே வைத்துவிடுகிறார்கள். தவறிய கேள்விகளை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. ஒரு நோட்டில் தவறுகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதச் சொல்வேன். படிக்காததால் தவறியது ஒரு வகை. அதற்கு மருந்து படிப்பு. படித்தும் குழம்பியது இரண்டாம் வகை. அதற்கு மருந்து மறுவாசிப்பு. மூன்றாவதுதான் விஷம்: விடை தெரியும், கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. ‘பின்வருவனவற்றுள் தவறானது எது?’ என்று கேட்டிருக்கும், முதலில் கண்ணில் பட்ட சரியான கூற்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்போம். கூற்று–காரணம் கேள்வியில் இரண்டும் உண்மையாக இருக்கும், ஆனால் காரணம் அந்தக் கூற்றை விளக்காது. ‘இரண்டும் சரி’ என்ற நிம்மதியில் கடைசி வரியைப் பார்த்திருக்க மாட்டோம். பொருத்துக கேள்வியில் முதல் இரண்டும் பொருந்தியதும் குறித்துவிட்டிருப்போம்.

மகளிடம் போன தேர்வின் கேள்வித்தாள் பத்திரமாக இருந்தது. ஆணையத்தின் இறுதி விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்து, “மூணாவது வகை மட்டும் ஒன்பது மாமா” என்றாள். ஒன்பது என்றால் பதின்மூன்றரை மதிப்பெண். அவள் படிக்க வேண்டிய பாடம் எதுவும் அந்த ஒன்பதில் இல்லை.

இனி அந்த மூன்று மணி நேரம். 180 நிமிடத்தை 200-ஆல் வகுத்தால் கேள்விக்கு 54 விநாடி. இதில்தான் வாசிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பவும் வேண்டும். கணக்குகளில் சில இரண்டு நிமிடம் கேட்கும். அப்படியானால் வேறெங்கோ மிச்சம் பிடித்தாக வேண்டும். அது தமிழில்தான் முடியும். தமிழ் நூறையும் ஒரு மணி நேரம், அதிகம் போனால் அறுபத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கேள்வித்தாளில் குறித்துக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தமாக ஓ.எம்.ஆரில் நிரப்புகிறேன் என்பவர்கள், ஓர் எண் தள்ளி நிரப்பிக்கொண்டு போன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிவிடுவதே நல்லது. வீட்டிலும் பேனாவும் ஓ.எம்.ஆர். நகலும் வைத்துப் பழகுங்கள்; செல்போனில் தொட்டு எழுதும் டெஸ்டில் இந்தக் கை வேகம் வராது.

“தெரியலேன்னா விட்டுடலாமாண்ணே?” என்று அம்மா கேட்டார்.

விடக் கூடாது. இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. நான்கு விடைகளோடு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கும்: ‘விடை தெரியவில்லை’. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களை வைத்துப் பெரிய மோசடி நடந்தது. சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்துவிட்டு வந்தார்கள். விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பினார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 99 தேர்வர்களுக்கு வாழ்நாள் தடை விதித்தது ஆணையம். காலியாகக் கிடக்கும் வட்டம்தான் பிறகு யாரோ நிரப்புவதற்கு இடம் கொடுக்கிறது. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது, தெரியாவிட்டால் ஐந்தாவது வட்டத்தையாவது நிரப்பு என்ற ஏற்பாடு அதன் பிறகு வந்தது. வெறுமையாக விட்டால் மதிப்பெண் கழிப்பார்கள்.

ஆனால் தேர்வரின் கோணத்தில் பாருங்கள். ஐந்தாவது வட்டத்துக்கு மதிப்பெண் இல்லை, தவறான விடைக்கும் மதிப்பெண் இல்லை. அப்படியிருக்க ‘தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்வதில் தேர்வருக்கு ஒரு லாபமும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு 20 கேள்விகளுக்கு ஏதோ ஒன்றைக் குறித்தால், சராசரியாக ஐந்து சரியாகும்: ஏழரை மதிப்பெண். நான்கில் இரண்டு விடைகள் நிச்சயம் இல்லை என்று தள்ள முடிந்தால் அந்த ஐந்து பத்தாகும்: பதினைந்து மதிப்பெண். முன்னே சொன்ன படிக்கட்டில் பதினைந்து மதிப்பெண் என்பது ஒரு கால் இல்லை, இரண்டு காலும் வைக்கிற இடம். அதனால் ஐந்தாவது வட்டத்தை மறந்துவிடுங்கள். வெறுமையை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் வேலையைப் பறிக்கும் சங்கதி: சான்றிதழ். ஒட்டுமொத்த ரேங்கைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் தங்கள் பிரிவு ரேங்கைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 31 விழுக்காடு பொதுப் பிரிவு. மீதி 69-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. ஒவ்வொன்றுக்குள்ளும் பெண்களுக்கு 30 விழுக்காடு. அதேபோலத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கடைசிச் சலுகை பொருந்தும். ஆனால் போன முறை அவள் அதைக் கேட்கவே இல்லை.

“நான் காலேஜ்ல இங்கிலீஷ் மீடியம் மாமா, அதான்.”

2020-இல் திருத்திய சட்டப்படி, பதவிக்குக் கேட்கிற கல்வித் தகுதி வரை ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-இல் பெரும்பாலான பதவிகளுக்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. அதுவரை தமிழ்வழி என்றால் கல்லூரி எந்த வழி என்பது அங்கே தடையில்லை. ஐந்தாவது வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்றால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். தேர்வு நெருக்கத்தில் போய் நின்றால் தலைமையாசிரியர் விடுமுறையில் இருப்பார், பதிவேடு பீரோவில் இருக்கும், சாவி இன்னொருவரிடம் இருக்கும். இன்றைக்கே போய் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தில் கோராத சலுகையைப் பிறகு சான்றிதழைக் காட்டிக் கேட்க முடியாது.

தட்டச்சும் இதே கணக்கில் சேரும். தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் வேண்டும். ஊர் வழக்கில் ஹையர், லோயர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு எல்லோரும் படியேறிப் போவதில்லை. எனவே தட்டச்சருக்கான கட் ஆஃப் பெரும்பாலும் இளநிலை உதவியாளருக்கு உள்ளதைவிடக் கீழே நிற்கிறது. தினம் ஒரு மணி நேரம் போய்த் தட்டிவிட்டு வந்தால், பொது அறிவில் பத்துக் கேள்வி கூடுதலாகப் போடுவதற்குப் படும் பாட்டைவிட அது சுலபமான வழி. இதைச் சொன்னால் கணினிக் காலத்தில் டைப்ரைட்டிங்கா என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே போகட்டும், போய்ச் சேர்ந்தால் சரி.

எத்தனை காலம் எழுதலாம் என்ற கேள்வியை அம்மா கேட்கவில்லை; அவர் கண் கேட்டது. 2019 செப்டம்பருக்குப் பிறகு அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலையில்தான். நடுவில் கொரோனா. 2023-இல் தேர்வு இல்லை. 2024, 2025 அடுத்தடுத்து வந்தன. அறிவிக்கை வந்த பிறகு தேர்வுக்குக் கிடைக்கும் அவகாசமும் சீரானதில்லை. 2025-இல் ஏறத்தாழ இரண்டரை மாதம்தான். அறிவிக்கை வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து மூடவே நேரம் சரியாகப் போனது. ஆகவே வேலையை விட்டுவிட்டு, எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காக வீட்டில் உட்காருவதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு கணக்கு டியூஷனோ, பக்கத்து ஊர்ப் பள்ளியில் தற்காலிக வேலையோ இருக்கட்டும். காலை இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம் படிப்பு இருக்கட்டும். மாதிரித் தேர்வு மதிப்பெண் கட் ஆஃபை ஒட்டி நிற்கிறதென்றால் விடாமல் எழுதலாம். இரண்டு ஆண்டாக ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் படிக்கும் முறையையோ குறிவைக்கும் தேர்வையோ மாற்ற வேண்டும். வீட்டார் இதை நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். பந்தியில் சொந்தக்காரர்கள் முன்னால் பேசக் கூடாது.

ரேங்க் வந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு, அதன் பிறகு சென்னையில் கவுன்சிலிங். எந்தத் துறை, எந்த மாவட்டம் என்று திரையில் இருப்பதைப் பார்த்து ரேங்க் வரிசைப்படி எடுக்க வேண்டும். சொந்த ஊருக்குப் பக்கம் என்று மட்டும் பார்க்காமல் பதவி உயர்வு எங்கே நடமாடுகிறது என்றும் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வருவாய்த் துறையில் சேர்ந்த இளநிலை உதவியாளர் துணை வட்டாட்சியராகி வட்டாட்சியர் வரை போக வழி உண்டு; வேலைச் சுமையும் அங்கேதான் அதிகம்.

“எப்படியோ, வேலை கிடைச்சுட்டா இந்தப் பரீட்சைத் தொல்லை விட்டுடும்ல?” என்றார் அம்மா, டம்ளரை எடுத்துக்கொண்டே.

விடாது. சேர்ந்ததும் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி, அதற்கு ஒரு தேர்வு. பிறகு துறைத் தேர்வுகள்: அலுவலக நடைமுறை நூல், சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு என்று துறைக்கேற்ற தாள்கள். அவற்றை முடிக்காவிட்டால் பதவி உயர்வு நிற்கும், பின்னால் சேர்ந்தவர் முன்னால் போவார். அவற்றையும் ஆணையமே நடத்துகிறது. சில தாள்களைப் புத்தகம் பார்த்தே எழுதலாம் என்று சொன்னதும் மகள், “எந்தப் புத்தகம் மாமா, எங்க கிடைக்கும்?” என்றாள். முதலில் தலைமையாசிரியரிடம் போய்ச் சான்றிதழை வாங்கி வா என்று அனுப்பினேன்.